ஜாமீன் உத்தரவின் முதல் வரி

“ஃபைல் பேரு சரியாத்தான் இருக்கு. பிறகு ஏன் பிரிண்டர் இதைப் படிக்க மாட்டேங்குது?” என்று கேட்டார் வேதமுத்து.

பிரிண்டர் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. புள்ளி, கோடு, கேள்விக்குறி, நடுநடுவே ஆங்கில எழுத்து. படிக்க ஒரு சொல் இல்லை.

நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சராக இருந்தவர் அவர். ஐம்பத்தாறு வயதில் பிரிண்டர் அறைக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டர் பிரிவு ஹாஜிராவுக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம்தான் வேலை பழகினார். மற்றவர்கள் அவளை மேடம் என்பார்கள். அவர் மட்டும் டீச்சர் என்பார். அவளுக்கு அவர் அண்ணாச்சி.

அன்று வெள்ளிக்கிழமை, மூன்றேகால் மணி. மேல் நீதிமன்றத்திலிருந்து ஒரு ஜாமீன் உத்தரவு மெயிலில் வந்திருந்தது. உத்தரவுகள் மெயிலில் வருவது அங்கே புதிது. வராந்தா பெஞ்சில் இசக்கியம்மாள் காத்திருந்தாள். அவள் மகன் சிறையில் இருந்தான். ஆறு மணிக்குள் உத்தரவு சிறைக்குப் போகாவிட்டால் இனி திங்கட்கிழமைதான்.

“மூணு தடவை ஃபைல் பேரை மாத்திட்டேன், டீச்சர்.”

“அது பேரைப் பார்க்காது, அண்ணாச்சி.”

“வேற எதைப் பார்க்கும்?”

ஹாஜிரா பிரிண்டரை நிறுத்தினாள். குவியலில் முதல் தாளைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“முதல் வரியை வாசிங்க.”

“வைரஸ் சோதனை செய்யப்பட்டதுன்னு இங்கிலீஷ்ல இருக்கு.”

“அடுத்தது?”

“சதவீதக் குறி. பி, டி, எஃப்.”

“அந்த நாலும் முதல்ல நிக்கணும். பிரிண்டருக்கு வேலை அனுப்புற மென்பொருள் ஃபைலைத் திறந்ததும் அதைத்தான் தேடும். இருந்தா, இது பி.டி.எஃப்னு புரிஞ்சுக்கும். இங்க மெயிலைச் சோதிக்கிற மென்பொருள் முன்னால ஒரு வரியைச் சேர்த்துட்டுது.”

“அப்ப இதை என்னன்னு நினைச்சுது?”

“எதுன்னு தெரியலைன்னா அதுக்கு எல்லாமே வெறும் எழுத்துதான். அப்படியே அடிச்சுத் தள்ளிரும்.”

வேதமுத்து குவியலைப் பார்த்தார். நூறு தாளுக்கு மேல் இருக்கும்.

“தெரியலைன்னு நிறுத்தியிருக்கலாமே.”

“அதைச் சொல்ல அதுக்கு யாரும் பழக்கல.”

பிறகு அவள் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள். ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் அந்த முதல் வரியை நீக்கச் சொன்னாள். அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“கோர்ட் உத்தரவுல நான் எப்படிக் கை வைக்கிறது?”

“உத்தரவு உள்ள இருக்கு, அண்ணாச்சி. இது வழியில ஒட்டிக்கிட்டது.”

நீக்கினார். பிரிண்ட் கொடுத்தார்.

இரண்டே பக்கம். மகன் பெயர், வழக்கு எண், நீதிபதி பெயர், எல்லாம் தெளிவாக.

வராந்தாவுக்கு எடுத்துப் போனார். இசக்கியம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். படிக்கத் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

“ஐயா, இதைக் கொடுத்தா இன்னிக்கே விட்டுருவாங்களா?”

அந்த வராந்தாவில் இப்படிக் கேட்ட எல்லோருக்கும் அவரிடம் ஒரே பதில்தான். விட்டுருவாங்க, போயிட்டு வாங்க. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

உள்ளே குவிந்து கிடந்த தாள்கள் நினைவுக்கு வந்தன.

“எனக்குத் தெரியலம்மா,” என்றார்.

இசக்கியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“காலையிலேருந்து நாலு பேரு விட்டுருவாங்கன்னு சொல்லிட்டாங்கய்யா.”

“உக்காருங்க. கேட்டுருவோம்.”

சிறை அலுவலகத்துக்குப் போன் போட்டார். யாரோ எடுத்தார்கள். விவரத்தைச் சொன்னார்.

“மெயில்ல வந்ததா? வெறும் பிரிண்டைக் கொண்டு வந்தா வாங்க மாட்டோமே,” என்றது மறுமுனை. “உங்க ஆபீஸ் முத்திரையும் தலைமை எழுத்தர் கையெழுத்தும் வேணும்.”

வேதமுத்து போனை வைத்தார்.

“அம்மா,” என்றார், “அந்தத் தாளை இப்படிக் கொடுங்க.”