மிளகியின் ஜோடித் தடம்

வேலங்காட்டு ஓடைக்கரையில் ஓர் எலிக் கூட்டம் வளை தோண்டி வாழ்ந்தது. வளைக்குக் காவல் கருவாலி என்ற பெண் எலி. இலை அசைந்தாலும், 'ஏன் அசைந்தது?' என்று முறைப்பவள்.

அந்தக் கூட்டத்தில் மிளகி மட்டும் தத்தித் தத்திப் போவாள். கருவில் வளரும் நரம்புகள் உடலின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்விடாமல் தடுக்க ஒரு மரபணு உண்டு. மிளகியிடம் அது வேலை செய்யவில்லை. இடக்காலுக்கு வரும் உத்தரவு வலக்காலுக்கும் போய்விடும். இரண்டு பின்கால்களும் சேர்ந்தே எழும், சேர்ந்தே விழும். விஷயம் அவ்வளவுதான்.

கருவாலிக்கு மட்டும் அது அவ்வளவுதான் என்று படவில்லை. எலியாகப் பிறந்தவள் எதற்கு முயல் மாதிரி குதிக்கிறாள்?

ஒரு நாள் காலை, மழைக்காலத்துக்குச் சேர்த்துவைத்த வேர்க்கடலையைக் காணவில்லை. ஈர மண்ணில் ஜோடி ஜோடியாகக் காலடித் தடங்கள். அவை ஓடைவரை போயின. பாலமாகக் கிடந்த மூங்கில் குச்சிக்கு அப்பால் மறுபடி தொடங்கி, முட்புதருக்குள் நுழைந்தன.

"இதுக்கு மேல என்ன சாட்சி? துரத்துங்க அவளை," என்றான் நெட்டையன். எலிப்பொறியில் ஒரு பின்காலின் ஐந்து விரல்களில் ஒன்றைப் பறிகொடுத்தவன் அவன்.

வெளியே கீரி அலைகிறது. துரத்தினால் மிளகி மாலைவரை தாங்கமாட்டாள்.

"கருவாலியக்கா, அந்தக் குச்சிமேல நான் எப்படிப் போவேன்? ஒரு கால் முன்ன, ஒரு கால் பின்ன வைக்க எனக்கு வராதே. தினமும் சுத்திக்கிட்டுத்தானே போறேன்?"

"நடிக்கிறா," என்றான் நெட்டையன்.

"ஏறிக் காட்டு," என்றாள் கருவாலி.

மிளகி ஏறினாள். முதல் தத்தலிலேயே தண்ணீரில் விழுந்தாள். 'இதுவும் நடிப்போ?' என்று நினைத்தபடியே கருவாலி அவளைக் கவ்விக் கரையில் போட்டாள். அப்போதுதான் குச்சியில் ஒட்டியிருந்த சேறு கண்ணில் பட்டது. ஒரு காலடி, அதற்கு முன்னால் இன்னொரு காலடி. யாரோ நடந்து போயிருக்கிறார்கள்! வலத்தடத்தில் நான்கே விரல்.

கருவாலி திரும்பி ஓடி, மண்ணில் இருந்த ஜோடித் தடங்களைக் குனிந்து பார்த்தாள். அங்கும் வலத்தடத்தில் நான்கே விரல். ஜோடி என்று கண்டதுமே விரலை எண்ணாமல் விட்டிருக்கிறாள்.

"நெட்டையா, உன் வலக்காலைக் கொஞ்சம் இங்க வை."

"காலில முள் குத்தியிருக்கே..."

"மிளகி மாதிரி குதிச்சுத் தடம் போடும்போது குத்தலையா?"

நெட்டையன் காலை வைத்தான்; தடத்தில் அப்படியே பொருந்தியது. முட்புதரில் கடலை அப்படியே இருந்தது.

"தப்பு பண்ணிட்டேன், மிளகி," என்றாள் கருவாலி.

மிளகி ஈரத்தை உதறினாள். "நாளைக்கும் சந்தேகப்படுங்கக்கா. என் காலை இல்ல, தடத்தை."

ஒருவரின் உடல் வேறாக இருப்பது எந்தக் குற்றத்துக்கும் சாட்சி ஆகாது.