வாசலில் நின்ற கால்

பாளையங்கோட்டையில் செயற்கைக் கால் செய்யக் கற்றுத்தரும் கல்லூரி ஒன்று இருந்தது. அதில் ஆசிரியை பர்வீனுக்கு வயது முப்பத்தொன்று. அவருடைய மாணவர் சூசைக்கு நாற்பத்திரண்டு. குரு சீடக் கதையில் தாடியை எதிர்பார்ப்பவர்கள் ஏமாற வேண்டாம். தாடி உண்டு, மாணவரிடம்.

சூசை இருபது வருடம் லேத் பட்டறையில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவர். அவர் செய்த முதல் கால், ஆவுடையப்பன் என்ற கல்யாணச் சமையல்காரருக்கானது. சர்க்கரை நோய் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோயிருந்தது.

கால் பொருத்திய அன்று ஆவுடையப்பன் பக்கத்துப் பிடிகம்பியைப் பிடிக்காமல் நாற்பது அடி நடந்தார். சூசை கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை என்று கண்டு, அவர்கள் பங்கையும் சேர்த்துத் தட்டினார்.

"தம்பி, தை முதல் முகூர்த்தத்துக்கு நான் அடுப்புகிட்ட நிக்கணும்" என்றார் ஆவுடையப்பன். "இல்லேன்னா கரண்டி என் மச்சினன் கைக்குப் போயிரும்."

"நிப்பீங்க அண்ணாச்சி! ஓடுவீங்க!"

"ஓட வேண்டாம். நின்னாப் போதும். அவன் சாம்பார்ல வெல்லத்தை அள்ளிப் போடுதவன்."

மூன்று வாரம் கழித்து சூசை ஓர் அட்டையோடு ஆசிரியையின் அறைக்குள் புயலாக வந்தார். கால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அணியப்பட்டது என்று எழுதிவரும் அட்டை அது.

"பாருங்க மேடம்! திங்கள் ஒரு மணி நேரம். செவ்வாய் முக்கால். புதன்கிழமை மழையாம், காலே போடலையாம்! என்ன மாதிரி கால் அது! மயிரிழை பிசகாம செஞ்சேன்!"

அட்டையின் அடியில் சூசை சிவப்பு மையில் ஒரு சொல் எழுதியிருந்தார்: 'ஒத்துழைப்பில்லை.'

பர்வீன் அந்தச் சொல்லைப் படித்தார். அது மேலிடத்துக்குப் போனால் ஆவுடையப்பனின் பெயர் நோயாளிகள் பட்டியலில் இருந்து அடிபடும். பிறகு அந்தக் காலில் யாரும் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார்கள்.

"அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'தினமும் போடுதீங்களா'ன்னேன். 'போடுதேன் தம்பி, நீங்க சொன்ன மாதிரியே'ங்கறார். என்கிட்டயேவா!"

"வாங்க, அவர் வீட்டுக்குப் போவோம். ஒரு நிபந்தனை. அங்க நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"ஒரு வார்த்தைகூடவா?"

"காபிக்குத் திறக்கலாம்."

வீடு டவுனில் ஒரு குறுகிய சந்தில் இருந்தது. சூசை வாசல் நடையில் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். கழற்றிய ஷூவை ஓரமாக வைக்கத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

செருப்பு வரிசையில் அவர் செய்த கால் நின்றுகொண்டிருந்தது. அதன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்தது. மேலே ஒரு சுத்தமான சாக்கு மடித்துக் கிடந்தது.

சூசை வாயைத் திறந்தார். பர்வீன் பார்த்தார். சூசை வாயை மூடினார்.

"வாங்கம்மா! வாங்க தம்பி!" ஆவுடையப்பன் ஒரு கையால் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தார். மறுகையில் காபி டம்ளர். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"கால் எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார் பர்வீன்.

"அதை ஏன் கேக்கீங்க! தெருவுல இறங்கினா நான்தான் ராஜா. எங்க தெருவுல ஒருத்தனுக்கும் இப்படி ஒரு நடை கிடையாது."

"வீட்டுக்குள்ள?"

"வீட்டுக்குள்ளயா?" அவருக்குக் கேள்வி புரியவில்லை. "அதான் வாசல்ல வச்சிருக்கேனே. பாக்கலையா?"

உள்ளிருந்து அவர் மனைவி கோமதி சொன்னார்: "சாரல் படக் கூடாதுன்னு சாக்குப் போட்டு மூடிவைக்காவ. கல்யாணமாகி முப்பது வருசத்துல என்னை இப்படிப் பாத்துக்கிட்டது இல்லை."

"தம்பிதான் சொன்னாவளே" என்றார் ஆவுடையப்பன், சூசையைப் பெருமையாகக் காட்டி. "ஷூவோட உயரத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் காலைச் செஞ்சிருக்காவ. ஷூவைக் கழட்டினா ஆள் பின்னால சாஞ்சிரும். 'எக்காரணம் கொண்டும் கழட்டாதீங்க'ன்னாவ. சத்தியமா ஒரு நாள் கழட்டலை."

சூசையின் தாடி அசைந்தது. சத்தம் வரவில்லை.

"முகூர்த்தத்துக்கு?" என்றார் பர்வீன்.

ஆவுடையப்பன் சமையல்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "அடுப்புகிட்ட கம்பை ஊனிக்கிட்டு நின்னு பாத்தேம்மா. ஒரு கை கம்புக்குப் போயிருது. அண்டாவைப் பிடிக்க ஒரு கை காணாது." பிறகு சிரித்தார். "வெல்லச் சாம்பாரும் சிலருக்குப் பிடிக்கத்தான் செய்யும்."

புறப்படும்போது சூசையால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. நடையில் ஷூவை மாட்டிக்கொண்டே கிசுகிசுத்தார்.

"மேடம், இது ஒரு விஷயமே இல்லை! ஷூவோடயே உள்ள நடந்துக்கிடுங்கன்னு சொல்லிரலாம். சுத்தமாத் துடைச்சு வச்சிருக்கார். இது மருத்துவ விஷயம்!"

"சரி" என்றார் பர்வீன். "எனக்குத் தாகமா இருக்கு. சமையல்கட்டுல ஒரு செம்பு தண்ணி வாங்கிட்டு வாங்க."

சூசை ஷூவைக் கழற்றக் குனிந்தார்.

"ஷூவோட."

"மேடம்?"

"துடைச்சுக்கோங்க. மிதியடி இருக்கு."

சூசை துடைத்தார். இரண்டு முறை துடைத்தார். நிலைப்படிவரை போனார். வலது கால் எழுந்தது. படிக்கு மேலே அரையடி உயரத்தில் நின்றது. உள்ளே சுவர் மாடத்தில் சாமி விளக்கு எரிந்தது. அதற்கப்பால் கோமதி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் தடுக்கவில்லை. கால் இறங்கவும் இல்லை.

பர்வீன் பையிலிருந்து அட்டையையும் சிவப்புப் பேனாவையும் எடுத்தார்.

"சூசை, உங்க பேரையும் இதுல எழுதிக்கட்டுமா?"

சூசை காலைப் பின்னால் வைத்தார். படியில் உட்கார்ந்தார். ஷூவைப் பிடுங்கி எறிந்தார். அது செயற்கைக் காலின் அருகில் போய் விழுந்தது. உள்ளே ஓடினார்.

"அண்ணாச்சி! அடுப்பு எந்தப் பக்கம்? நீங்க எப்படி நிப்பீங்க? தரை ஈரமா? அண்டா எவ்வளவு உயரம்? காட்டுங்க, காட்டுங்க!"

"முதல்ல உக்காருங்க தம்பி. பேச்சு வந்துட்டா?"

அன்று அவர்கள் கல்லூரிக்குத் திரும்ப மாலையாகிவிட்டது. அட்டையின் பின்புறம் முழுக்க எழுதியாயிற்று. இடம் போதாமல் சூசையின் முழங்கை வரை அளவுகள் ஏறியிருந்தன.

சூசை கணுக்காலைப் பிரித்தார். வெறுங்காலுக்கென்று புதிதாகக் கோணம் வைத்தார். ஈரத் தரையில் வழுக்காதிருக்க உள்ளங்காலில் ரப்பர் ஒட்டினார். தெருவுக்கு மட்டும், குதிகால் உயரமில்லாத வார்ச் செருப்பு. ஆவுடையப்பன் பெருவிரலைக் கொஞ்சம் தடியாக வைக்கச் சொன்னார். ஏன் என்று சூசை கேட்டார். "என் பழைய விரல் அப்படித்தான் இருக்கும்" என்றார். சூசை தடியாக வைத்தார்.

தை முதல் முகூர்த்தத்துக்கு ஆவுடையப்பன் இருவரையும் பிடிவாதமாக அழைத்திருந்தார். அடுப்பு வேலையை முடித்துவிட்டு, வாளியைத் தானே தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்தார். இரண்டு வெறுங்கால்கள் இலை வரிசையோரம் நகர்ந்துவந்தன. வெல்லம் போடுகிற மச்சினன் பின்னால் அப்பளக் கூடையோடு வந்தான்.

சூசை இலையின் மேல் கையை விரித்து மறைத்தார். "போதும் அண்ணாச்சி, போதும்!"

"ஒத்துழைக்கணும் தம்பி" என்று சொல்லி, விரலிடுக்கு வழியாகவே ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார் ஆவுடையப்பன்.

சூசை அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கைதட்டிவிடுவாரோ என்று பர்வீனுக்குப் பயமாக இருந்தது.

"மேடம், அன்னிக்கு அட்டையைப் பாத்த உடனே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லையா? எனக்குப் புரியட்டும்னுதானே கூட்டிட்டுப் போனீங்க?"

பர்வீன் சாம்பாரைச் சோற்றில் பிசைந்தார்.

"தெரிஞ்சிருந்தா நான் ஏன் அங்க வரப்போறேன்?"