நிலாவின் முதுகு

முன்னொரு காலத்தில் கரும்பனூர்ச் சீமையை இராசகண்டன் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒரு குதிரையை வாங்கச் சொல்வான். மாலையில் அதையே விற்கச் சொல்வான். அவன் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அரசன் எது சொன்னாலும் முதலில் மந்திரி "ஆகா!" என்பார். அதன் பிறகே மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

ஒருநாள் அரசனுக்குப் பாடம் நடத்தும் ஆசை வந்தது. அரண்மனைப் பள்ளிப் பிள்ளைகளைச் சபைக்கே வரவழைத்தான்.

"பிள்ளைகளே, நிலா ஏன் தேய்கிறது தெரியுமா? நம் பூமியின் நிழல் அதன்மேல் விழுகிறது. அவ்வளவுதான்!"

மந்திரி திருமேனியாருக்குத் திக்கென்றது. கிரகணத்துக்குச் சொல்லவேண்டியதை அரசன் தேய்பிறைக்குச் சொல்லிவிட்டான். திருத்தத்தான் வாயைத் திறந்தார். சபையே அவர் முகத்தைப் பார்த்தது.

"ஆகா!" என்றார்.

மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த புலவர் வில்வநாதர் துள்ளி எழுந்தார். "அரசே! இதைக் கல்லில் செதுக்கிப் பள்ளி வாசலில் நிறுத்துவோம். மறுத்துப் பேசுபவனை நாடு கடத்துவோம்!"

"அப்படியே ஆகட்டும்!"

அன்று மாலை நந்தவனத்தில், பிள்ளைகளோடு பாடம் கேட்டிருந்த இளவரசி அல்லியம்மை மந்திரியின் மேல்துண்டைப் பிடித்து இழுத்தாள். "மந்திரி மாமா, சூரியனும் மேற்கே, பிறையும் மேற்கே. நம்ம நிழல் கிழக்கே நீண்டு கிடக்கு. அது எப்படிப் பிறைமேலே போய் விழும்?"

திருமேனியார் மேற்கே திரும்பிப் பிறையைப் பார்த்தார்.

"நீங்க 'ஆகா'ன்னு சொன்னதாலேதான் நான் நம்பினேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிட்டாள்.

வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எதிரி நாட்டுத் தூதனிடம் அஞ்சாத நாக்கு, பிள்ளைகள் முன்னால் பொய்க்குத் துணைபோயிருக்கிறது. கல்லிலும் ஏறிவிட்டால் இனி எத்தனை பிள்ளைகள் அதை நம்புவார்கள்!

மறுநாள் சபையில், "அட்டமியன்று மாலையில் செதுக்கத் தொடங்கலாம் அரசே" என்றார்.

"அட்டமியில் நல்ல காரியம் தொடங்குவார் உண்டா?" என்று சிரித்தார் புலவர்.

"என் சொல்லுக்கு ஏதய்யா அட்டமி?" என்றான் அரசன்.

அட்டமியும் வந்தது. பள்ளி வாசலில் எல்லோரும் கூடினார்கள்; கல்லருகே சிற்பி உளியோடு காத்திருந்தான். சூரியன் மேற்கே சாய்ந்திருந்தது; உச்சியில் பாதி நிலா. மந்திரி சுண்ணாம்பு பூசிய தேங்காய் ஒன்றைப் புலவரிடம் நீட்டினார். "இதை நிலாவுக்கு நேராக உயர்த்திப் பிடியுங்கள். பிள்ளைகளே, அடியில் நின்று பாருங்கள்."

"மேலே இருக்கிற நிலா மாதிரியே இதுவும் பாதி வெள்ளை, பாதி கறுப்பு!" என்று கூவினார்கள் பிள்ளைகள்.

"புலவரே, தேங்காய்மேல் விழுந்திருப்பது யாருடைய நிழல்?"

"சந்தேகமென்ன? மாமன்னரின் திருநிழல்!"

அரசன் நாலடி விலகினான். கறுப்பு போகவில்லை.

"அப்படியானால் மந்திரியின் நிழல்!"

மந்திரியும் விலகினார்.

"பிள்ளைகள்… பிள்ளைகளின்…"

பிள்ளைகளும் சிதறி ஓடினார்கள். வெட்டவெளியில், கைகளைத் தூக்கியபடி வில்வநாதர் தன்னந்தனியாக நின்றார். தேங்காய் பாதி கறுத்தே இருந்தது.

"அது யார் நிழலும் இல்லை!" என்றாள் அல்லியம்மை. "சூரியனைப் பார்க்காத பக்கம். அதோட முதுகு! நிலா சுத்தி வரும்போது முதுகு கொஞ்சமாத் தெரிஞ்சா பெரிய நிலா, நிறையத் தெரிஞ்சா பிறை!"

அரசனின் காதுமடல் சிவந்தது. பிறகு அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். "புலவரே, முகத்துதி பாடிய வாய்க்குத் தண்டனை. இனி பள்ளியில் தேங்காய் பிடிப்பது உம் வேலை!" கழுத்து முத்துமாலையைக் கழற்றியபடி மந்திரியிடம் வந்தவன் நின்றான். "உமக்கு இது அன்றைக்கே தெரியுமா?"

"தெரியும், அரசே." அவர் தலை நிமிரவில்லை.

அரசன் மாலையை மகள் கழுத்தில் போட்டான். சிற்பியிடம் திரும்பினான். "செதுக்கு: நிலாவின் இருட்டு அதன் முதுகு. அரசன் தவறாகச் சொன்னான்."

உளி முதல் எழுத்தைத் தொடும் முன் திருமேனியார் சிற்பியின் அருகில் போய்க் குனிந்தார்.

"இன்னொரு வரிக்கும் இடம் விடப்பா. மந்திரி தெரிந்தே ஆகா என்றான்."