ஹவுஸ் சர்ஜன்களும் ஏழாம் படுக்கைக்காரரும்

எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்காதீர்கள். நாளைக்கே எனக்கு ஒரு வயிற்றுவலி வந்தால் அங்கேதான் போய்ப் படுக்க வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரியின் காய்ச்சல் வார்டுக்கு ஒரு பங்குனி மாதத்தில் மூன்று புது ஹவுஸ் சர்ஜன்கள் வந்து சேர்ந்தார்கள். நல்லசிவம், ஜெபராணி, மஹ்பூப். மூவரும் நாலரை வருஷம் விழுந்து விழுந்து படித்தவர்கள். படித்ததில் ஒரு வரியையாவது யோசித்துப் பார்த்தார்களா என்றால், அந்தப் பழி அவர்கள் மேல் கிடையாது.

மூவரில் நல்லசிவத்துக்குத்தான் பயம் அதிகம். வார்டு சீஃப் டாக்டர் கோமதிநாயகம் மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டால்தான் பயிற்சி முடிந்ததாகும். போடாவிட்டால் எக்ஸ்டென்ஷன். அதே வார்டில் இன்னொரு மாதம் குப்பை கொட்ட வேண்டும். அவன் அப்பாவோ ஊரில் கிளினிக்குக்கு போர்டு எழுதி மாட்டி, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்துவிட்டார்.

கோமதிநாயகம் பெரிய டாக்டர்தான். ஆனால் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்து இருபது வருஷமாகிறது. அவருக்கு எல்லாமே கேஸ் ஷீட். முதல் நாளே ஷீட்டைப் பார்த்தபடி அறிவுரை சொன்னார்.

"ஷீட்ல எழுதினதுதான் நடந்தது. எழுதாதது எதுவும் நடக்கவே இல்ல. இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா பொழச்சுக்குவீங்க."

மூவரும் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏழாம் படுக்கையில் சங்கரபாண்டி என்று ஒருவர் கிடந்தார். பஸ் ஸ்டாண்டில் பரோட்டா மாஸ்டர். நல்லசிவம் அவருக்கு பிரஷர் பார்த்தான். எழுதப் போனால் பேனா எழுதவில்லை. அவன் பேனாவை உதறிக்கொண்டிருக்கும்போதே ஜெபராணி வந்து, ஷீட்டில் பிரஷர் இல்லையே என்று தானும் ஒரு முறை பார்த்தாள்; எழுத மறந்துபோனாள். அடுத்து மஹ்பூப் வந்தான்.

"டாக்டர் தம்பி, இப்பத்தான ரெண்டு பேரு பாத்தாவ?"

"எங்க எழுதியிருக்கு அண்ணாச்சி?"

"எழுதல. ஆனா கை வீங்கிட்டுல்லா!"

"வீக்கமும் எழுதலையே," என்றான் மஹ்பூப் ஆறுதலாக.

அவர் சாப்பிட்டதையும் யாரும் எழுதவில்லை. அதனால் ஒரே காலையில் மூன்று தடவை ரொட்டியும் பாலும் வந்தன. இந்த விஷயத்தில் மட்டும் சங்கரபாண்டி வாயைத் திறக்கவில்லை, சாப்பிடுவதற்குத் தவிர.

சங்கரபாண்டி வந்து படுத்த ஆறாம் நாள்தான் வினை வந்தது. அன்று வீட்டுக்குப் போக வேண்டியவர் எட்டாம் படுக்கைக்காரர். நல்லசிவம் ஞாபகப்பிசகாக ஏழாம் படுக்கையின் ஷீட்டில், 'குணமாகி வீட்டுக்குப் போனார்' என்று எழுதிவிட்டான். நர்ஸ் சுயம்புக்கனி பார்த்துவிட்டாள்.

"மாத்தி எழுதிட்டீங்க டாக்டர். அடிச்சுருங்க."

"நடந்து முடிஞ்சத எப்படி சிஸ்டர் அடிக்க முடியும்?" என்றான் நல்லசிவம்.

மூவரும் ஏழாம் படுக்கையைச் சுற்றி நின்று ஆலோசித்தார்கள்.

"சங்கரபாண்டி வீட்டுக்குப் போயாச்சு. அப்போ இங்க படுத்திருக்கிறது யாரு?"

"புதுசா வந்தவராத்தான் இருக்கணும்."

"பாவம், வந்ததுலேர்ந்து யாரும் கவனிக்கல பாரு," என்று ஜெபராணி உச்சுக்கொட்டினாள்.

உடனே புது ஷீட் போட்டார்கள்.

"உங்க பேரு?"

"சங்கரபாண்டி."

"அடடே, முன்னாடி இருந்தவருக்கும் அதே பேருதான். என்ன தொழில்?"

"பரோட்டா போடுதேன்."

"அவருக்கும் அதேதான்! அவர உங்களுக்குத் தெரியுமா?"

சங்கரபாண்டி கொஞ்சம் யோசித்தார். புது ஆள் என்றால் ரொட்டி முதலிலிருந்து வரும்.

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றார்.

சீஃப் ரவுண்ட்ஸ் வந்தார். இரண்டு ஷீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒரே பேரு, ஒரே அப்பா, ஒரே தெரு, வலது தோள்ல ஒரே மச்சம்! என்னய்யா இது?"

"ஒருத்தர் போயிட்டார் சார், ஒருத்தர் வந்துட்டார்," என்றான் நல்லசிவம்.

சுயம்புக்கனி நடந்ததைச் சொன்னாள். சீஃப் முகம் சிவந்துவிட்டது. "எக்ஸ்டென்ஷன்! ஒரு மாசம்!" என்று கத்தி, அதே வேகத்தில் கையிலிருந்த ஷீட்டில் 'ஒரு மாதம் எக்ஸ்டென்ஷன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, கட்டில் மேல் வீசிவிட்டுப் போய்விட்டார்.

நல்லசிவத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? மஹ்பூப் ஷீட்டை எடுத்து நிதானமாகப் படித்தான்.

"டேய், இதுல உன் பேரே இல்லையே."

"யார் பேரு இருக்கு?"

"சங்கரபாண்டி."

மூவரும் ஏழாம் படுக்கையைத் திரும்பிப் பார்த்தார்கள். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது நல்லசிவத்துக்கு. ஆனாலும் நல்ல மனசு, பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டான்.

"அண்ணாச்சி, மனசத் தளர விட்டுறாதீங்க. இன்னும் ஒரு மாசம் நீங்க ஹவுஸ் சர்ஜன் வேல பாக்கணும். சீஃப் எழுதிட்டார்."

"சாப்பாடு உண்டுல்லா?"

"உண்டு."

"அப்பச் சரி," என்று எழுந்து உட்கார்ந்தார் சங்கரபாண்டி. நல்லசிவம் தன் இன்னொரு வெள்ளைக் கோட்டை எடுத்து லுங்கிக்கு மேலே மாட்டிவிட்டான்.

மறுநாள் ரவுண்ட்ஸில் சீஃப் பின்னால் நான்கு கோட்டுகள் போயின. சீஃப் வழக்கம்போல் நிமிரவில்லை.

"எட்டாம் நம்பர் எப்படி இருக்கான்?"

மூவரும் ஷீட்டைப் புரட்டினார்கள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சங்கரபாண்டி கட்டிலை எட்டிப் பார்த்தார்.

"அவருக்கு நேத்தே சொகமாயிட்டு சார். நல்லாப் பசிக்கி, நல்லா ஏசுதாரு. வீட்டுக்கு அனுப்பிருவோம்."

சீஃப் கை அப்படியே நின்றது. "இந்த மாசத்துல இன்னைக்குத்தான் ஒருத்தன் ஆளப் பாத்துப் பதில் சொல்றான்! கொண்டா ஒரு தாள."

சங்கரபாண்டி நீட்டிய ரொட்டிச் சீட்டின் பின்பக்கம் சீஃப் 'பயிற்சி திருப்தியாக முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தார்.

நல்லசிவம் அந்தச் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தான். "நாம நாலரை வருஷம் படிச்சோம். கையெழுத்து அவருக்குக் கெடைச்சிருச்சே!"

"அவர் படிக்கவே இல்ல," என்றாள் ஜெபராணி யோசனையோடு. "ஆறு நாள் படுத்துக் கிடந்தார், அவ்வளவுதான்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் காலியாயிருந்த ஏழு, எட்டு, ஒன்பதாம் படுக்கைகளில் கோட்டோடு மூன்று பேர் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். டாக்டர் சங்கரபாண்டி வந்து மூவருக்கும் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு ரொட்டியும் பாலும் எழுதி, அவற்றைத் தானே சாப்பிட்டுவிட்டுப் போனார்.