இறக்கத்தில் நடந்தவள்

பியூலாவிடம் சைக்கிள் பயில வருகிறவர்களில் பலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். வேலூரில் அவருக்கென்று பள்ளியோ பெயர்ப்பலகையோ கிடையாது. மாநில அணிக்காகப் பல வருடம் பந்தயம் ஓட்டியவர் என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார். விடியும் நேரத்தில் சத்துவாச்சாரிப் பக்கம் கூடிக் கிளம்புவார்கள். பியூலா அதிகம் பேசமாட்டார். யாருக்கு எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று பார்த்துக்கொண்டே வருவார்.

தணிகாசலம் அப்படி வந்தவர்தான். நாற்பதைத் தாண்டியவர். ராணிப்பேட்டையில் ஒரு பெரிய சைக்கிள் தொழிற்சாலையில் வேலை. ‘மயூரி’ என்ற பெயரோடு ஊர் ஊராகப் போகும் சைக்கிள்கள் அங்கேதான் உருவாகின்றன. ஃபிரேமில் வெல்டிங் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் பிரிவு அவருடைய பொறுப்பு. அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் ஃபிரேம் பெயின்ட்டுக்குப் போகும்.

குழுவில் இது யாருக்கும் தெரியாது. “ஒரு கம்பெனியில குவாலிட்டியில இருக்கேன்” என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார். அவர் ஓட்டியது இத்தாலிப் பெயர் போட்ட கார்பன் சைக்கிள். அதற்காக, கார் வாங்கும் யோசனையை வீட்டில் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

சேர்ந்த புதிதில் அவர் பியூலாவிடம் கேட்டார்.

“மேடம், இந்த வண்டி எப்படி?”

“நல்ல வண்டி.”

“இதைவிட நல்லதுன்னா எது?”

“முதல்ல இதுல உட்காருங்க சார்.”

அப்போது அவர் சைக்கிள்மேல்தான் உட்கார்ந்திருந்தார். அந்தப் பதில் அவருக்குப் புரியவில்லை. கிண்டல் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் குழுவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். பெயர் பல்கீஸ். ஆஸ்பத்திரியில் நர்ஸ். கைப்பிடி வளைந்த ரேஸ் மாடல் ஒன்றை ஓட்டிவந்தாள். நீல நிறம். பக்கவாட்டில் பெரிதாக ‘மயூரி’ என்று எழுதியிருந்தது.

கோகுல்நாத் அதைச் சுற்றி வந்து பார்த்தார். ஆம்பூரில் ஷூ கம்பெனி வைத்திருப்பவர். குழுவிலேயே விலை கூடிய சைக்கிள் அவருடையது.

“என்ன சிஸ்டர், மயூரியா? பால்கேனை எங்க மாட்டுவீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்தார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தார். பல்கீஸும் கூடவே சிரித்துவைத்தாள்.

“ஏத்தத்துல ஒண்ணும் ஆகாது” என்றார் கோகுல்நாத். “இறக்கத்துலதான் பார்த்துக்கணும். இந்த மாதிரி வண்டியெல்லாம் வேகத்துல ஹேண்டில் கழுத்துல வெல்டிங் விட்டுடும்.”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை அவளிடம் தங்கிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஏலகிரி அடிவாரம் போனார்கள். மலை ஏறுவதில் பல்கீஸ் பலரை முந்தினாள். கோகுல்நாத்தே “பரவால்லையே” என்றார். மேலே இளநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். பியூலா முதலில் இறங்கிப் போய்விட்டார். கடைசி வளைவில் நின்று, ஒவ்வொருவரும் எப்படித் திரும்புகிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்றார்.

பல்கீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தணிகாசலத்திடம் வந்தாள்.

“அண்ணா, குவாலிட்டியில இருக்கேன்னு சொன்னீங்களே. கழுத்துல விட்டுடும்னு அவர் சொல்றாரே, நிஜமா?”

கோகுல்நாத் பக்கத்திலேயே நின்றிருந்தார். தணிகாசலத்தின் கண் தானாகக் கைப்பிடிக்குக் கீழே இருந்த வெல்டிங்கின்மேல் போனது. மீன் செதில்போல ஒழுங்காக, சீராக இருந்தது. அவருடைய ஆட்களின் கைவேலை. அவருக்கு ஒரு பார்வை போதும்.

“எனக்கு சைக்கிளைப் பத்தி அவ்வளவா தெரியாதுங்க” என்றார்.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். தணிகாசலமும் இறங்கினார். முதல் வளைவில் திரும்பும்போது மேலே பார்த்தார். பல்கீஸ் சைக்கிளை ஓட்டவில்லை. இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, சாலையோரமாகத் தள்ளிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தாள்.

அடிவாரத்துத் தேநீர்க் கடையில் பியூலா கேட்டார்.

“பல்கீஸ் எங்கே?”

“தள்ளிக்கிட்டு வர்றாங்க மேடம்” என்றார் கோகுல்நாத். “பயம்.”

பியூலா வெளியே வந்து சாலையைப் பார்த்து ஒரு கல்லில் உட்கார்ந்தார். தணிகாசலம் பாதித் தேநீரோடு டம்ளரை வைத்துவிட்டு அவரிடம் போனார்.

“மேடம், இறக்கத்துல பயம் எப்படிப் போகும்?”

“யாரோட பயம்?”

தணிகாசலம் நின்றார். பிறகு சைக்கிளைத் திருப்பி, மறுபடி மலை ஏறினார்.

பாதி மலைக்குமேல் அவளைக் கண்டார். வெயில் ஏறிவிட்டது. ஷூவைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடந்துவந்தாள். குதிகால் கொப்பளித்திருந்தது.

“திரும்ப ஏறுறீங்களா அண்ணா?”

“உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்.”

அவர் இறங்கி, அவள் சைக்கிளின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கழுத்து ஜாயின்ட்டைக் கட்டைவிரலால் தடவினார்.

“இது நாங்க செய்யற வண்டி.”

“யாரு?”

“எங்க கம்பெனி. இந்த ஜாயின்ட்டைப் பார்த்து அனுப்பறது என் டிபார்ட்மென்ட். மெஷின்ல மாட்டி நாள்கணக்கா உலுக்கிப் பார்க்கிறோம். இது விடாது.”

பல்கீஸ் அந்த ஜாயின்ட்டைப் பார்த்தாள்.

“மேல கேட்டேனே அண்ணா.”

“ஆமா.”

“தெரியாதுன்னு சொன்னீங்களே.”

“ஆமா.”

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. இருவரும் ஒதுங்கி நின்றார்கள். பஸ் போனதும் அவள் கேட்டாள்.

“உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?”

“ஒரு பொண்ணு. காலேஜ் போறா.”

“சைக்கிள் ஓட்டுவாளா?”

“ஓட்டுவா.”

“மயூரியா?”

பொய் சொல்லியிருக்கலாம். யாரும் போய் விசாரிக்கப்போவதில்லை.

“இல்ல” என்றார் தணிகாசலம். “வெளிநாட்டு வண்டி வாங்கிக் கொடுத்திருக்கேன்.”

அவள் கை சைக்கிளைவிட்டு விலகியது.

“அப்போ?”

“அது பயத்துல வாங்கினது இல்லம்மா. வெட்கத்துல வாங்கினது.”

பல்கீஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். வார்டில் தினமும் எத்தனையோ பேர் எதையெதையோ மறைத்துப் பேசுவதைக் கேட்டுப் பழகியவள் அவள். பிறகு ஷூவை எடுத்து மெதுவாகக் காலில் மாட்டிக்கொண்டாள். வலியில் முகம் சுளித்தது.

“நீங்க முன்னாடி போங்கண்ணா. நான் பின்னாடி வர்றேன்.”

“வேணாம். நீங்க முன்னாடி போங்க. நான் ஜாயின்ட்டைப் பார்த்துக்கிட்டே வர்றேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தாள். முதல் இரண்டு வளைவுகளில் பிரேக் கிறீச்சிட்டது. அதற்குப் பிறகு சத்தமில்லை.

அடிவாரத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். தணிகாசலம் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“நான் மயூரி ஃபேக்டரியிலதான் இருக்கேன். இவங்க வண்டி நாங்க பார்த்து அனுப்பினது. மேலயே சொல்லியிருக்கணும். சொல்லலை.”

 கோகுல்நாத் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்.

“எங்க ஷூவும் ஆம்பூர்ல தச்சு, வெளிநாட்டுப் பேரைக் குத்தித்தான் சார் கப்பல் ஏறுது. எங்கப்பா ஆரம்பிச்ச கம்பெனி. எங்க பேர் போட்ட ஷூ ஒண்ணைக்கூட நான் பார்த்தது கிடையாது.” பிறகு பல்கீஸின் பக்கம் திரும்பினார். “தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். வாய் சும்மா இருக்காது எனக்கு.”

“அடுத்த வாரம் டிபன் உங்க கணக்கு சார்” என்றாள் பல்கீஸ்.

பியூலா வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் தணிகாசலத்துக்கு நல்லதாக இருந்திருக்கும்.

கொஞ்ச நாளில் அவர் இத்தாலி சைக்கிளை விற்றுவிட்டார். தொழிற்சாலையிலிருந்து ஒரு மயூரியை வாங்கி, அதில் குழுவுக்கு வந்தார். நெஞ்சு நிறைந்திருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஜாயின்ட்டைக் காட்டினார். ‘எங்க வண்டி’ என்று சொல்லும்போது குரல் ஓங்கியது. பல்கீஸுக்கு அது பிடித்திருந்தது. முதலில் எல்லோருக்குமே பிடித்திருந்தது.

பிறகு அவர் மற்ற சைக்கிள்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

“பேருக்குத்தான் சார் காசு” என்பார். புதிதாக ஒருவர் ஆசையாகக் காசு சேர்த்துவைத்து வெளிநாட்டு சைக்கிள் வாங்கிவந்தால், குனிந்து பார்த்து, “ஏமாந்துட்டீங்களே” என்பார். வந்தவர் முகம் வாடும். தணிகாசலம் அதைக் கவனிக்கமாட்டார்.

ஒரு காலை, பாலமதி மலை ஏற்றத்தில் கோகுல்நாத்துக்கு மூச்சு முட்டியது. சைக்கிளை நிறுத்தி, கைப்பிடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். தணிகாசலம் அவரைத் தாண்டிப் போகும்போது உரக்கச் சொன்னார்.

“என்ன சார், உங்க ஷூ மாதிரிதானா இதுவும்? மேல இருக்கிற பேர் மட்டும்தான் வெளிநாடா?”

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். கோகுல்நாத் தலையை நிமிர்த்தவில்லை. பல்கீஸ் சிரிக்காமல் அவர் பக்கத்தில் நிறுத்தித் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அன்று கோகுல்நாத் டீ குடிக்க நிற்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. வேலை அதிகம் என்று யாரோ சொன்னார்கள்.

தணிகாசலத்துக்கும் அந்த நாட்களில் ஏற்றம் சரிப்படவில்லை. முன்பு சுலபமாக ஏறிய இடத்தில் தொடை இறுகியது. பல்கீஸ் அவரோடு பேசினாள், ஆனால் அளவோடு பேசினாள். ஒரு காலை எல்லோரும் கலைந்த பிறகு அவர் பியூலாவிடம் வந்தார்.

“மேடம், ஒண்ணு கேட்கணும்.”

“கேளுங்க சார்.”

“முன்ன மறைச்சு மறைச்சு ஓட்டினேன். இப்போ ஒளிவு மறைவு இல்ல. நாங்களே செஞ்ச வண்டி. லேசா இருக்கணும் இல்லையா? ஆனா ஏத்தத்துல யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு.”

பியூலா அவர் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது உரசாமல் நெடுநேரம் சுற்றியது. சங்கிலியை விரலால் தொட்டார். எண்ணெய் சரியாக இருந்தது. கழுத்து ஜாயின்ட்டையும் ஒருமுறை தடவினார்.

“அழகான வேலை” என்றார்.

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது.

“அப்போ வண்டியில கோளாறு இல்லைங்கிறீங்க. வெயிட்டா இருக்குமோ? கார்பனைவிட இது கொஞ்சம் கூடத்தான்.”

“கோகுல்நாத் சார் வீடு தெரியுமா?”

தணிகாசலம் இதை எதிர்பார்க்கவில்லை.

“ஆம்பூர்ல. ஷூ கம்பெனிக்குப் பின்னாடிதான். ஒரு தடவை போயிருக்கேன்.”

“இன்னிக்கு லீவுதானே உங்களுக்கு?”

“ஆமா.”

பியூலா சைக்கிளைத் திருப்பி, ஆம்பூர் சாலையைப் பார்க்க நிறுத்தி, கைப்பிடியை அவர் கையில் கொடுத்தார்.

“அங்க வரைக்கும் போயிட்டு வாங்க. திரும்பி வரும்போதும் இழுத்துச்சுன்னா, வண்டியைப் பார்க்கலாம்.”