மூன்று வாட்ச்மேன் காத்த மர மில்

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் நேரம் தெரியாது. காலையும் மாலையும் ஒரே வெளிச்சம்தான். அப்படியொரு நாளில் மர மில் முதலாளி ஆவுடையப்பன் தன் குருவைத் தேடிப் போனார்.

குரு வடிவம்மை அவரைவிட வயதில் இளையவர். அதைச் சொல்லி ஊரில் சிலர் சிரிப்பார்கள். ஆவுடையப்பனுக்கு அதில் வெட்கம் கிடையாது. காசு வெளியே போவதில்தான் அவருக்கு வருத்தமெல்லாம்.

"அம்மை, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"சாயங்காலம் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வாறான். வேலையில ஆளுக்கு அடிபட்டா நான் நஷ்டஈடு குடுக்கணும்லா? பிரீமியம் கட்டிட்டா அதை கம்பெனி குடுத்துரும். ஆனா கேட்டுல உக்காந்திருக்க வாட்ச்மேனுக்கு ஒரு ரேட்டாம், ரம்பத்துல நிக்கிறவனுக்கு ஒரு ரேட்டாம். ரம்பத்து ஆளுக்கு யானை விலை குதிரை விலை சொல்லுதான்."

"அதுக்கு?"

"ரம்பத்துல நிக்கிற மூணு பேரையும் வாட்ச்மேன்னு சொல்லிட்டா என்ன? இத்தனை வருசத்துல ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. தப்பா அம்மை?"

வடிவம்மை குடையை எடுத்தார். "வாங்க, மில்லுக்குப் போவோம்."

மில்லில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. மாடக்கண்ணு தேக்குத் தடியைத் தள்ள, பேச்சிமுத்தும் சண்முகையாவும் மறுபக்கம் நின்று வாங்கினார்கள். மறுநாள் காலையில் ஒரு வீட்டுக்கு வாசல் நிலை வைக்கிற முகூர்த்தம். அதற்கான மரம் இன்னும் பாதி அறுபடாமல் கிடந்தது.

"மாடக்கண்ணு, நிறுத்து," என்றார் வடிவம்மை. "இன்னையிலேருந்து நீங்க மூணு பேரும் வாட்ச்மேன். மொதலாளி முடிவு பண்ணிட்டாவ."

மாடக்கண்ணு முதலாளியைப் பார்த்தான். "சம்பளம் அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் வடிவம்மையைப் பார்த்தார்.

"அதே சம்பளம்தான், போங்க," என்றார் வடிவம்மை.

மூவரும் கேட்டுக்குப் போய் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

சத்தம் அடங்கியதும் மில்லுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுவது கேட்டது. அங்கே ஒரு வாய்க்கால் இருப்பதே ஆவுடையப்பனுக்கு மறந்துபோயிருந்தது. காற்றில் மிதந்த மரத்தூள் மெதுவாக இறங்கி எல்லார் தலையிலும் படிந்தது. மாடக்கண்ணு தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் அப்படியே போனதென்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.

நிலை வைக்கிற வீட்டுக்காரர் போன் செய்தார். "மரம் வந்துக்கிட்டே இருக்கு," என்று கூசாமல் சொல்லிவிட்டு ஆவுடையப்பன் திரும்பினார்.

"வெளையாட்டு போதும் அம்மை. மரத்தை யாரு அறுக்கது?"

"உங்க மில்லுலதான் ரம்பத்துல நிக்க ஆளே கிடையாதே. நீங்கதான அப்படிச் சொல்லப் போறீய."

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார். சுவிட்சைப் போட்டார்.

மாடக்கண்ணு பதறி எழுந்தான். "அண்ணாச்சி, தோள்ல கிடக்க துண்டை எடுத்துருங்க. ரம்பம் இழுத்துரும்!"

துண்டை உருவி எறிந்துவிட்டுத் தடியைத் தள்ளினார். ரம்பத்தின் பற்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு பளபளப்பு மட்டும் அசையாமல் நிற்பதுபோல் இருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. தடியில் எங்கோ ஒரு கணு தட்டியது. தடி துள்ளியது. கை முன்னால் சரிந்தது.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மாடக்கண்ணு ஓடிவந்து சுவிட்சை அணைத்தான்.

விரல்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நல்ல வேளை என்று சொல்ல நினைத்தவருக்கு அழுகைதான் வந்தது.

கேட்டுக்கு வெளியே ஏஜெண்டின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"அம்மை, அவன்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

வடிவம்மை அவருடைய கையைப் பிடித்து, அதில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார்.

"இந்தக் கை தினமும் இங்கன ரம்பத்துல நிக்கணும்னா, நீங்க என்ன ரேட்டு கேப்பீய? அவன் சொல்லுதது அதைவிடக் கூடுதல்னா, கட்ட வேண்டாம்."