ஆளுக்கொரு பிடி அரிசி

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. தள்ளி உட்கார்ந்தால் நான் உரக்கப் பேச வேண்டும். உரக்கப் பேசினால் தொண்டை காயும். தொண்டை காய்ந்தால் காப்பி கேட்பேன். காப்பி கேட்டால், சர்க்கரையை மிச்சம் பிடிப்பது எப்படி என்று போன வாரம் நான் சொன்ன யோசனையை என் மருமகள் எனக்கே திருப்பிச் சொல்லுவாள். அதனால் கிட்ட உட்காருவதுதான் எல்லாருக்கும் சிக்கனம்.

ரொம்ப ரொம்ப முந்தி, ஒரு ராசா ஆண்ட சீமை. ராசா பேர் எனக்குத் தெரியாது. அவருக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ராசா இல்லாமல் ஆரம்பித்தால் பிள்ளைகள் அதைக் கதையென்றே ஒப்புக்கொள்வதில்லை. அவர் பாட்டுக்கு ஒரு ஓரமாக இருக்கட்டும்.

அந்தச் சீமையிலே மாசிலாமணி என்று ஒரு புளி வியாபாரி இருந்தார். விற்றது புளி. சும்மா கொடுத்தது யோசனை. புளி வாங்க ஒருத்தர் வந்தால் யோசனை கேட்க, இல்லை, யோசனையில் மாட்டிக்கொள்ள மூன்று பேர் வருவார்கள்.

புளி கரைத்த சக்கையை எறியாதே, செம்பு தேய்க்க ஆகும் என்பார். வடித்த கஞ்சியைக் கொட்டாதே, வேட்டியை முக்கி எடு, விறைப்பாய் நிற்கும் என்பார். புருசன் பெண்சாதி சண்டை போடுவதானால் பகலிலேயே போட்டு முடித்துவிடுங்கள், இருட்டின பிறகு போட்டால் விளக்கெண்ணெய் வீண் என்பார்.

எல்லாம் நல்ல யோசனைதான். நானும் இப்படி நாலு சொல்லுகிறவன்தான். நான் வாயைத் திறந்தால் என் வீட்டில் மிக்ஸியைப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் போடுகிறார்கள். மாசிலாமணி காலத்தில் மிக்ஸி இல்லை. அதனால் அவர் வீட்டார் எல்லாவற்றையும் கேட்டார்கள். வினையே அதில்தான் வந்தது.

அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்குக் கல்யாணமாகி மூத்த மருமகள் வந்தாள். மாசிலாமணி அவளைத் தனியே கூப்பிட்டார்.

"உனக்கு மட்டும் சொல்றேன் தாயி. உலையில போடுற அரிசியில தினம் ஒரு பிடி எடுத்து ஒளிச்சு வை. பஞ்சம் பசின்னு வந்தா உதவும். யார்கிட்டயும் மூச்சு விடாதே."

நடுப்பிள்ளைக்குக் கல்யாணமானது. நடு மருமகளையும் தனியே கூப்பிட்டு அதையே சொன்னார். கடைசிப் பிள்ளைக்கு ஆவுடை என்று ஒரு பெண் வாழ வந்தாள். அவளையும் தனியே கூப்பிட்டு அதையே சொன்னார். மனைவிக்கோ, கல்யாணமான புதிதிலேயே சொல்லியாயிற்று.

யோசனை சொல்லுகிறவர்களுக்கு எதைச் சொன்னோம் என்பது நினைவிருக்கும். யாருக்குச் சொன்னோம் என்பது நினைவிருக்காது. எனக்கும் அப்படித்தான். இந்தக் கதையையே உங்களுக்கு முன்னே சொல்லியிருக்கிறேனோ என்னவோ. சொல்லியிருந்தாலும் சும்மா இருங்கள்.

அந்த வீட்டில் அரிசிக்கு ஒரே அளவு. அதற்கு மேல் ஒரு மணி கூடக் கூடாது என்பது மாசிலாமணியின் கட்டளை. மாமியார் அளந்து முறத்தில் கொட்டுவாள்; ஒரு பிடி அவள் மடிக்குப் போகும். விடிகிற நேரத்தில் மாசிலாமணி அந்தப் பக்கம் போவார். ஊருக்குச் சொன்னதைத் தானும் செய்ய வேண்டாமா, ஒரு பிடி அவர் துண்டுக்குப் போகும். மூத்தவள் புடைப்பாள், ஒரு பிடி. நடுவுள்ளவள் கல் பொறுக்குவாள், ஒரு பிடி. ஆவுடை களைந்து உலையில் போட வேண்டும். போடுமுன் அவளும் ஒரு பிடி.

மிஞ்சினது உலைக்குப் போனது. உலையில் தண்ணீர் கொதித்தது, அரிசியைத் தேட வேண்டியிருந்தது.

சந்தைக்குப் போய்த் திரும்பின பிள்ளைகள் வட்டிலைப் பார்த்தார்கள், பெண்சாதிகளைப் பார்த்தார்கள். மாசிலாமணிக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கஞ்சி போட்ட வேட்டியாதலால் அது தனியே விறைப்பாய் நின்றது, அவர்தான் உள்ளே ஆடிக்கொண்டிருந்தார்.

அவர் யோசித்தார். சின்ன மருமகள் வருகிற வரைக்கும் அரை வயிறாவது நிறைந்தது. இவள் வந்த பிறகு கால் வயிறும் இல்லை. அப்படியானால் அரிசியைத் திருடி யாருக்கோ கொடுக்கிறவள் இவள்தான். அளவு சரி, அரிசிப் பெட்டி சரி, வந்தவள் சரியில்லை. முடித்துவிட்டார் கணக்கை.

எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னார். நாளை மத்தியானம் வண்டி பூட்டுவோம். ஆவுடை அவள் அப்பன் வீட்டுக்குப் போகட்டும். ஏன் அனுப்பினோம் என்று கேட்டால், அரிசி திருடினாள் என்று சொல்லுவோம்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் அந்தப் பேரோடு அப்பன் வீட்டு வாசலில் இறங்கினால், அவளுக்குப் பின்னாலிருக்கிற தங்கைகளுக்கும் மாப்பிள்ளை வரமாட்டான். ஆவுடைக்கு இரண்டு தங்கைகள். புருசனைப் பார்த்தாள். நல்லவன்தான், பசியிலே இருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீங்கள்தானே மாமா எடுக்கச் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் அவள் பிடி பிடியாய்ச் சேர்த்த பானையைக் காட்ட வேண்டும். ஒளித்து வைத்த பானையைக் காட்டினால், பார்த்தீர்களா திருடியை என்பார்கள். ஒரு பிடியில் ஒரு குடும்பமே பட்டினி கிடக்குமா என்றும் கேட்பார்கள்.

அந்த இடத்தில்தான் அவளுக்குப் பொறி தட்டிற்று. ஒரு பிடியில் கிடக்காது. அப்படியானால் பிடி ஒன்றல்ல. எனக்கு மட்டும் என்று சொன்ன வாய் இன்னும் எத்தனை பேருக்கு மட்டும் சொல்லியிருக்கும்?

மறுநாள் காலையில் அவள் அழவில்லை, மூட்டை கட்டவில்லை. கிணற்றடியில் மாமியாரைத் தனியே பிடித்தாள்.

"போறவ ஒரு யோசனை சொல்லிட்டுப் போறேன் அத்தை. உங்களுக்கு மட்டும். இது ஆடி மாசத்து ஈரக்காத்து. மூடி வச்ச அரிசியில வண்டு விழுந்துரும். இன்னிக்கு உச்சிவெயில்ல பாறையில கொட்டிக் காய வச்சா தப்பும். விட்டா மாவுதான். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

அடுப்படியில் மூத்தவளிடம் அதையே சொன்னாள், அக்கா என்று கூப்பிட்டு. மாட்டுக்கொட்டிலில் நடுவுள்ளவளிடம் அதையே சொன்னாள். ஊருக்குச் சொல்லுகிறவர் தானும் எடுக்காமலா இருப்பார் என்று, கடைசியில் மாமனாரிடமும் போய்ப் பணிவாய் அதையே சொன்னாள். தனக்கே ஒருத்தி யோசனை சொன்னது அவருக்கு அதுதான் முதல் தடவை. நல்ல யோசனைதான் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு வயிறு எரிந்தது, பசி எரிச்சலும் சேர்ந்து.

வீட்டுக்குப் பின்னால் புளி காயப் போடுகிற பாறை ஒன்று இருந்தது. உச்சிவெயிலில் அங்கே ஈ காக்கை இராது. ஆவுடை ஒரு பெரிய பாயை விரித்து, தன் பானையைக் கவிழ்த்துக் கொட்டி, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூத்தவள் வைக்கோற்போர்ப் பக்கமிருந்து வந்தாள், பானையோடு. ஆவுடையைக் கண்டதும் காக்கை விரட்ட வந்தேன் என்றாள். நடுவுள்ளவள் வேலியைத் தாண்டி வந்தாள், பானையோடு. சும்மா வெயில் காய வந்தாளாம், அந்தக் கொளுத்துகிற வெயிலில். மாமியார் வந்தாள், பானையோடு. இது வெறும் பானை என்றாள். அவள் பேசும்போதே பானை வாயிலிருந்து ஒரு வண்டு அவள் கைமேல் ஏறி நடந்தது.

எல்லாருக்கும் பிறகு மாசிலாமணி வந்தார். அவர் பானை எல்லாவற்றையும்விடப் பெரிது. வேட்டியைப் பிடிப்பதா பானையைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் கட்டிக்கொண்டு வந்தார். நிமிர்ந்து பார்த்தார். மனைவி, மூன்று மருமகள்கள், நாலு பானைகள்.

ஆவுடை எழுந்து நின்றாள்.

"திருடியைப் பிடிக்கணும்னு சொன்னீங்களே மாமா. எல்லாரும் வந்தாச்சு."

மாசிலாமணி பானையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஆவுடையைப் பார்த்துக் கேட்டார்.

"நான் உனக்கு மட்டும்தானே தாயி சொன்னேன்?"

"எனக்கும் அப்படித்தான் சொன்னீங்க" என்றாள் மூத்தவள். நடுவுள்ளவளும் அதையே சொன்னாள். மாமியார் தன் பானையைக் கீழே வைத்தாள். அவள் எத்தனை வருசமாக அந்த ஒரு பிடியைத் தன்னிடம் மட்டும் சொன்ன ரகசியம் என்று நினைத்து மகிழ்ந்திருந்தாளோ, யார் கண்டது.

பானைகளைக் கவிழ்த்தார்கள். வருசக்கணக்காய் மாசிலாமணி சேர்த்ததில் பாதி மாவு, மீதி வண்டு. அதைப் பார்த்து முதலில் சிரித்தவர் அவர்தான். தன்னைப் பார்த்துத் தானே சிரிப்பதற்குக் காசா பணமா, அதைவிடச் சிக்கனம் உண்டா? வாசலில் பூட்டி நின்ற வண்டியை அவரே போய் அவிழ்த்துவிட்டு வந்து, ஊரறியச் சொல்ல இருந்த வார்த்தைக்காக மருமகளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் புருசன் அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்தான்.

தேறின அரிசியைப் புடைத்து ஒன்றாய்க் கொட்டிப் பொங்கினார்கள். எல்லாரும் வயிறு தெரியச் சாப்பிட்டார்கள். மாசிலாமணிக்கு வேட்டி நின்றது.

ஒருத்தருக்கொருத்தர் ஒளித்துச் சேர்க்கிற வீட்டில் வண்டுதான் வயிறு நிறையத் தின்னும், கூடியிருந்து சேர்க்கிற வீட்டில்தான் மனுசர் தின்பார்கள். நீதி இவ்வளவுதான்.

மறுநாள் விடிந்தது. மாசிலாமணி புதிதாய் ஏதோ யோசனை சொல்ல வாயெடுத்தார். ஆவுடை அதற்குக் காத்திராமல் எல்லாரையும் அடுப்படிக்குக் கூப்பிட்டு, அளந்த முறத்தை நடுவில் வைத்து, அத்தனை பேரும் பார்க்க ஒரே ஒரு பிடி அரிசியை எடுத்தாள்; கழுவிக் காயவைத்த பானை ஒன்றில் அதைப் போட்டு, நடுவீட்டில் வைத்து, பக்கத்தில் கிடந்த மூடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.